முழுசாகக் கேட்ட ஆள்

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு லிஃப்ட் நின்றது.

விளக்கு அணைந்தது. மின்விசிறியும் ஓய்ந்தது. கூரை மூலையில் ஒரு சின்ன விளக்கு மட்டும், போனால் போகிறது என்று மினுக்மினுக்கென்று எரிந்தது.

உள்ளே இரண்டு பேர். தோளில் கனத்த பையோடு ஆலோசகர். கையில் காய்கறிப் பையோடு ஒரு பெண்.

ஆலோசகர் என்பது அவர் பெயரல்ல, கம்பெனி அட்டையில் அச்சடித்துக் கொடுத்த பட்டம். மனைவி அதையே பெயராக்கிவிட்டாள். "ஆலோசகரே, குப்பையைக் கொட்டிட்டு வாங்க" என்பாள்.

பற்பசை, சத்து மாவு, பாத்திரம் தேய்க்கிற திரவம். இவற்றை விற்க வேண்டும். விற்பதற்கு ஆள் சேர்க்க வேண்டும். சேர்ந்தவர்களும் ஆள் சேர்ப்பார்கள். அப்புறம் நாம் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளலாம். கம்பெனிக் கூட்டத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆலோசகருக்குக் கீழே இதுவரை ஒரு ஈ, காக்கைகூடச் சேரவில்லை. லாபத்தைக் கண்ணால் கண்டதில்லை. பையில் உள்ளதை அவரே வாங்கி, அவரே பல் தேய்த்து, அவரே கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் அவரைக் கண்டால் தலைதெறிக்க ஓடினார்கள். குளிக்கப் போகிறேன் என்று உள்ளே போன சகலை, இவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அன்றைக்கு அது அவருடைய இரண்டாவது குளியல். மச்சானோ தூக்கக் கலக்கத்திலேயே போனை எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்பான்.

இத்தனைக்கும் கொஞ்ச நேரப் பேச்சுதான். அதைக்கூட யாரும் முழுசாகக் கேட்டதில்லை. பாதியில் யாருக்காவது போன் வரும். இல்லாவிட்டால் அடுப்பில் பால் பொங்கும்.

ஐந்தாவது மாடியில் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வரச் சொல்லியிருந்தார். இதுவும் கைகூடாவிட்டால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இப்போது லிஃப்ட் நின்றுவிட்டது.

அந்தப் பெண்தான் மணியை அழுத்தினாள். கீழேயிருந்து காவலாளி குரல் கொடுத்தார். மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறாராம்.

ஆலோசகர் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். காற்றாடி இல்லாவிட்டால் என்ன புழுக்கம்! நாலு சுவரும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன!

"பையில என்னங்க?" என்றாள் அவள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேள்வியை யாரும் தாமாகக் கேட்டதே இல்லை.

"நின்னுக்கிட்டு எப்படிக் கேக்கறது? உக்காந்து விவரமா சொல்லுங்க." அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவரும் உட்கார்ந்தார்.

ஆரம்பித்தார். முதலில் வார்த்தைகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன.

"அவசரமே இல்ல. நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க."

விலைப்பட்டியலைத் திருப்பிப் போட்டு வட்டம் வரைந்தார். இது நீங்கள், இது உங்களுக்குக் கீழே இரண்டு பேர். வட்டம் கோணிக்கொண்டு போனது. முதல் ஆள் சிக்கிய பரபரப்பில் கை நடுங்காமல் என்ன செய்யும்?

"சரியாப் புரியல. இன்னும் பெருசா, மெதுவாப் போடுங்களேன்."

போட்டார். மறுபடியும் போட்டார். போகப் போக வட்டங்கள் தட்டு மாதிரி உருண்டு வந்தன. குரல் கணீரென்று ஆனது.

அவளும் லேசில் விடுகிற ஆளாக இல்லை. சத்து மாவில் சர்க்கரை இருக்கிறதா? திரவம் கையை அரிக்காதா? கீழே சேர்ந்தவர் பாதியில் கழன்றுகொண்டால்? அத்தனைக்கும் அவரிடம் பதில் இருந்தது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று உருப்போட்ட பதில்கள். சொல்லச் சொல்ல அவருக்கே இனித்தது.

லிஃப்ட் ஒரு முனகலோடு அசைந்து, இறங்கி, மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறக்கவும் வெளிச்சம் கொட்டியது.

ஆலோசகர் கவனிக்கவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி வரிக்கு வந்திருந்தார். "ஆகவே, நீங்களும் ஏன் எங்கள் குடும்பத்தில் சேரக் கூடாது?"

வாசலில் காவலாளி நின்றிருந்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இவருக்குத்தான்" என்றாள் அவள், எழுந்துகொண்டே. "லிஃப்ட் நின்னதும் மூச்சு முட்டி, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. பேச வெச்சே இழுத்துட்டு வந்தேன். குடிக்கத் தண்ணி குடுங்க."

ஆலோசகர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிழிந்தால் ஒரு வாளி நிறையும் போலிருந்தது.

தண்ணீரை வாங்கி அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க சேரலையா?"

"நானும் ரெண்டு வருஷம் இதே பையைத் தூக்கினவதாங்க." அவள் சிரித்தாள். "வட்டம் போட ஆரம்பிச்சா நமக்கு ஊர் உலகமே மறந்துடும்னு தெரியாதா?"

அவள் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறும் படிக்குப் போனாள். ஆலோசகரும் தன் பையைத் தோளில் மாட்டினார். ஐந்தாவது மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இறங்கும் படிக்குத் திரும்பினார்.

இரண்டு படி இறங்கியவருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, உங்களுக்காவது ஏதாச்சும் லாபம் வந்துதா?"

மேலே காலடிச் சத்தம் நின்றது. கைப்பிடிக்கு மேலாக எட்டி அவர் முகத்தைப் பார்த்தாள். நிறம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"இன்னிக்குத்தாங்க" என்றாள்.