ஒளிராத வேர்

வெளியே தஞ்சாவூர் வெயில் கொளுத்துகிறது. ஆய்வகத்தின் கறுப்புத் திரைக்குள் நீல ஒளி மட்டும் மிதக்கிறது. உப்பு நுழைந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும் இந்தச் சாயத்துக்காகச் சுமையா நான்கு வருடம் உழைத்திருக்கிறாள். உப்புநீரில் ஊறிய சாதாரண நெல் நாற்றின் வேரை நுண்ணோக்கியில் வைக்கிறாள். மின்மினி அப்பிய பூவரசு போல வேர் முழுக்கப் பச்சை மினுங்குகிறது. அதே நீரில் ஊறி, அதே சாயம் ஏறிய அடுத்த வேர், பக்கத்தில் நிற்கும் விவசாயி இளையபெருமாளின் நாற்றுடையது. கடல் புகுந்த வருடம் அவர் வயலில் தப்பிய ஒரே நெல் ரகம். அதன் நாற்றைப் போன வாரம் ஈரச்சாக்கில் சுற்றி, நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். அவரையே முதலில் பார்க்கச் சொல்கிறாள். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. “ஒண்ணுமே தெரியலையேம்மா. ஆபரேஷன் பண்ணியும் என் கண்ணு இப்படித்தான் இருக்கு,” என்கிறார், தப்புச் செய்தவர் போல. சுமையா பார்க்கிறாள். கும்மிருட்டு. விளக்கைச் சந்தேகப்பட்டு முதல் வேரை மறுபடி வைக்கிறாள். பச்சை அப்படியே மினுங்குகிறது. மறுபடி அவருடையது. கிணற்றின் அடியாழம் போலக் குளிர்ந்த, அசையாத இருட்டு. “உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குங்கய்யா. உப்பு உள்ள போகவே இல்ல.” இப்போது கண் நிறைந்து அவளுக்குத்தான் எதுவும் சரியாகத் தெரியவில்லை.