டவலை எறிந்தவள்

"எப்ப டவலை எறியப் போறீங்க, தலைவரே?"

தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தி, வெள்ளை டவல் விரித்த பின்சீட்டில் சாய்ந்தபடி கேட்டார் மேனேஜர். முன்சீட்டில் அக்கவுண்டன்ட்.

சங்கத் தலைவர் பாயில் சுருண்டு கிடந்தார். நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பேக்கிங் பெண்கள், உட்கார ஸ்டூல் கேட்டார்கள். கூண்டோடு வேலைநீக்கம். அவர்களைத் திரும்ப எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர்தான் என்று உட்கார்ந்து ஒரு வாரம் ஆகிறது.

"இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்க. குத்துச்சண்டையில முடியலைன்னா டவலை உள்ளே எறிஞ்சிடுவாங்க. ஆட்டம் க்ளோஸ். அதுல ஒண்ணும் கேவலம் இல்லை."

தலைவர் சிரித்தார். "நானும் சின்ன வயசுல கையுறை மாட்டினவன்தான் சார். அடி வாங்குறவன் டவலை எறியறதில்லை. அவனோட மூலையில நிக்கிற ஆள்தான் எறியணும். என் மூலையில அப்படி ஒரு ஆள் பிறக்கலை!"

கூட்டம் கைதட்டியது.

அது அடங்குவதற்குள் அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் கிடந்த டவலை எடுத்து அவர் காலடியில் எறிந்தாள்.

"போதும். எந்திரிங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "விலை போயிட்டாங்கய்யா!"

"நீயே என் காலை வாரிட்டியே," தலைவர் டவலைக் காலால் தள்ளினார். "இந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?"

"இன்னும் ஒருநாள் போனா கிட்னி போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். உங்ககிட்ட சொன்னா கேட்கவா போறீங்க?"

மேனேஜர் காரைவிட்டு இறங்கினார். முகமெல்லாம் பல். "புத்திசாலிம்மா நீங்க! யாருப்பா அங்கே, தலைவருக்கு ஜூஸ் கொடுங்க."

இரண்டு பேர் தலைவரைத் தாங்கித் தூக்கினார்கள். பாயின் சூடு ஆறவில்லை. அதில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் ரவுண்டு முடிஞ்சுது சார். இது என் ரவுண்டு."

"அடுத்தது நான்!"

"அதுக்கடுத்து நான்!"

பேக்கிங் பெண்கள். ஆளுக்கொரு ஸ்டூலை வீட்டிலிருந்தே தூக்கி வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், உள்ளே மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்த மற்ற பிரிவுப் பெண்கள். வரிசை தெருமுனை திரும்பியும் முடியவில்லை.

முதலில் கைதட்டியவர் தலைவர்தான்.

"பார்த்துடலாம்!" மேனேஜர் கத்தினார். "எத்தனை பேர் வந்தாலும் நான் அசைய மாட்டேன்!"

அக்கவுண்டன்ட் காரின் பின்கதவைத் திறந்தார். சீட்டில் கிடந்த வெள்ளை டவலை உருவி மேனேஜரின் பளபளக்கும் ஷூ மேல் எறிந்தார்.

"என்னய்யா பண்றே?"

"உங்க மூலையில நான்தானே சார் நிக்கிறேன்? நாளைக்குச் சரக்கு போகலைன்னா கம்பெனியே காலி. எல்லாரையும் வேலைக்கு எடுத்துக்கலாம்... ஸ்டூலோட சேர்த்து."