கல்யாணக் குடம்

ஓசூர் பாத்திரக்கடையில் விளக்கு போட்டாயிற்று. எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் மஞ்சள் வெளிச்சம் வழிகிறது. கம்பெனியில் சேர்ந்த வருடம் பாப்பம்மா தன் கல்யாணத்துக்கென்று வாங்கிய குடம். புருஷனின் இனிஷியலோடு வெட்டிக்கொள்ளலாம் என்று இத்தனை வருடமும் பெயரில்லாமலே வைத்திருந்தாள். இப்போது தங்கைக்குக் கல்யாணம். "என்ன பேரும்மா?" என்கிறார் பெயர் வெட்டுகிறவர். "வி. சரோஜா. தங்கச்சி பேரு," என்கிறாள் பாப்பம்மா, கட்டைவிரல் குடத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது. "தங்கச்சிக்கா? கீழ அன்பளிப்புன்னு உம் பேரையும் போட்டுடட்டுமா?" அவள் முகம் மலர்வதற்குள் கூட வந்திருக்கும் அம்மா குறுக்கிடுகிறாள். "வேணாங்க. பெரியவ இன்னும் வூட்டோட இருக்கறத அங்க வர்றவங்கல்லாம் படிக்கணுமா?" மெஷின் கிர்ரென்று இரையத் தொடங்குகிறது. குடம் நழுவாதபடி பாப்பம்மா இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொள்கிறாள்.