இரட்டைக் குழல்

வேஷ்டித் துணியைப் பிரித்ததும் அசோகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று துப்பாக்கியை மடக்கித் திறந்தான்.

எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும் முதலில் செய்வது அதுதான். துப்பாக்கி பழுது பார்ப்பவனின் முப்பது வருடப் பழக்கம்.

இரண்டு குழல்களிலும் தோட்டா இருந்தது.

முதுகுக்குப் பின்னால் சாருலதா பேசிக்கொண்டிருந்தாள்.

"காலியா இருந்ததோ, நான் பிழைச்சேனோ."

அவன் திரும்பவில்லை. தோட்டாக்களை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டான்.

மயிலாப்பூரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைவரை இதைக் காரின் பின் சீட்டில் போட்டு ஓட்டி வந்திருக்கிறாள். ராயப்பேட்டை நெரிசலில் எத்தனை பிரேக் போட்டாளோ.

அவள் பட்டறைப் படியேறி வந்தபோது அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான், "இன்னா மேடம், இந்தத் தபா எந்தத் திருகு கோணலா கீதுன்னு ஐயா அனுப்சாரு?" என்று. அவள் சிரிக்கவில்லை.

ஐயா என்றால் அவள் அப்பா ஸ்ரீனிவாசராகவன். இது நூற்றிருபது வருடத்து இங்கிலாந்துத் துப்பாக்கி. நல்ல துப்பாக்கியில் திருகுத் தலைகளில் உள்ள வெட்டெல்லாம் குழல் போகும் திசையிலேயே படுத்திருக்க வேண்டும். ஆறு வருடம் முன்பு அசோகன் இதைப் புதுப்பித்துக் கொடுத்தபோது, ஒரு திருகு மயிரிழை சாய்ந்திருக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பிய மனிதர். சேர்த்து வைத்திருந்த ஏழு துப்பாக்கிகளில் ஆறை விற்றுவிட்டார். இதை மட்டும் விடவில்லை.

இப்போது அவருக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை.

திங்கட்கிழமை காலை காபி கொண்டுபோன மகளைப் பார்த்து, "யார் நீ? எங்காத்துக்குள்ள எப்படி வந்தே?" என்று கேட்டிருக்கிறார். அவள் நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியைப் பிடித்து இரண்டு விசையையும் இழுத்திருக்கிறார்.

"டக் டக்னு ரெண்டு சத்தம். அவ்வளவுதான். ஆனா நிஜமாவே சுடத்தான் நெனச்சார், அசோகன். அந்த முகத்தை நான் பார்த்தேனே."

கூவத்தின் வாடை ஜன்னல் வழியாக வந்தது. கீழே யாரோ தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்து ஒளிச்சு வெச்சா ராத்திரி பூரா தேடறார். வாசக்கதவைத் திறந்துண்டு தெருவுக்கே போயிடறார். அதனால இதைச் சுடவே முடியாதபடி செத்ததா பண்ணிக் குடுங்கோ. அதே கனம் இருக்கணும், மூடினா அதே சத்தம் வரணும். அவருக்குத் தெரியக்கூடாது."

"தம்பி இன்னா சொல்றாரு?"

"குருவா? இந்த வாரமே கேளம்பாக்கத்துல முதியோர் ஹோம்ல சேர்த்துடுங்கறான். காலித் துப்பாக்கிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமாடான்னு நான்தான் அவன் வாயை அடைச்சு வெச்சிருக்கேன்."

அசோகன் உள்ளங்கையைத் திறந்து பார்த்தான்.

இந்த இரண்டையும் மேஜைமேல் வைத்தால் போதும். சாயங்காலத்துக்குள் கேளம்பாக்கத்துக்குக் கிழவரின் பெட்டி கட்டியாகிவிடும்.

அப்போதுதான் கவனித்தான். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் செம்புப் பொட்டு வழவழவென்று இருந்தது. சத்தம் கேட்டதென்றால் குதிரை, உள்ளே இருக்கும் குட்டிச் சுத்தியல், அடித்திருக்கிறது; பொட்டில் ஊசி குத்திய பள்ளம் விழுந்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

அவற்றைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு துப்பாக்கியை விளக்கடியில் பிடித்தான்.

வலது ஊசியைப் பிடித்திருக்கும் திருகு சாய்ந்திருந்தது. மயிரிழை அல்ல, நன்றாகவே.

கழற்றினான். ஊசியின் முனை இல்லை. தட்டையாக அரத்தால் ராவி எடுக்கப்பட்டிருந்தது. இடது ஊசியும் அப்படித்தான். ராவிய இடத்தில் எண்ணெய் காய்ந்து பழுப்பேறியிருந்தது. இரண்டு வருடமாவது ஆகியிருக்கும்.

இரண்டு வருடம் முன்பு ஸ்ரீனிவாசராகவன் தனியாக ஆட்டோவில் வந்து ஒரு பொடி அரம் கேட்டார். நானே வந்து செய்து தருகிறேன் என்றான் அசோகன். "வேண்டாம்பா, இது நான் பண்ண வேண்டிய வேலை" என்று வாங்கிப் போனார். அந்தச் சமயத்தில் அவருக்கு மறதி வந்திருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் ஒருவரைத் தவிர.

அசோகன் சட்டென்று திரும்பினான். சாருலதா ஸ்டூலில் தோள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா செய்து வைத்ததைச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

ஆனால் இதைச் சொன்னால் தோட்டா இருந்ததையும் சொல்லியாக வேண்டும். முனையில்லாத ஊசிதான் உங்களைக் காப்பாற்றியது என்றால், எதிலிருந்து என்று கேட்பாள்.

அவன் மறுபடியும் விளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு பழைய ஆணியை மேஜைமேல் இருந்த இரும்புப் பிடிப்பில் இறுக்கி, அவள் காதில் விழும்படி வெகுநேரம் ராவினான்.

"வீட்ல தோட்டா ஏதாவது மிச்சம் கீதா மேடம்?"

"ஒண்ணும் கிடையாது. போன மாசமே எல்லாத்தையும் கடையில திருப்பிக் குடுத்தாச்சு."

"எதுக்கும் ஐயா ரூமை நீங்களே ஒரு தபா தேடிடுங்க. தலகாணி, கோட்டுப் பை, ஒண்ணு விடாம. இன்னைக்கே."

அவள் தலையாட்டினாள். ஊசிகள் உள்ளே போயின. துப்பாக்கியை மூடினான். கனத்த கதவு சாத்துவதுபோல அதே சத்தம்.

அந்தச் சத்தத்தில் அவள் கண் கலங்கிவிட்டது.

"ஒருவேளை அன்னிக்கு அதுல தோட்டா இருந்திருந்தா, அசோகன்?"

அவன் துப்பாக்கியை வேஷ்டியில் சுற்ற ஆரம்பித்தான்.

"இருந்திருந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது மேடம்."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்றேள்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு ஒரு மணிக்கெல்லாம் ரசஞ்சாதம் பிசைந்து ஊட்ட வேண்டும் என்று எழுந்தாள்.