பாஷாணம் யார் வைப்பது?

"ஏலாது அம்மா. நான் வைக்கமாட்டன்."

அலமுவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. காலையில் மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் சவிரிமுத்து குடியிருக்கிற வாசலுக்கே போய்க் காரில் ஏற்றி, வழியில் இட்லியும் ஃபிளாஸ்க் காபியும் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டு வந்தால், ஒரு சின்ன வேலைக்கு முடியாதாம்!

சின்ன வேலைதான். பனி விழுவதற்கு முன், கோடையில் மட்டும் வந்து தங்குகிற ஏரிக்கரைக் காட்டேஜைப் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு முன் நாலு மூலையிலும் எலிப்பாஷாணம் வைக்க வேண்டும். பொட்டலங்களை அலமுவே கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். வாங்குவதில் பாவமில்லை போலிருக்கிறது.

சவிரிமுத்து மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அலமுவின் கணவர் புரொபசர் சந்திரமௌலி ரத்தக்கொதிப்பு ஆராய்ச்சி செய்கிற யுனிவர்சிட்டியில்தான் சவிரிமுத்துவுக்குத் துப்புரவு வேலை. லீவு நாளில் கூப்பிட்டால் இப்படி வருவார்.

வேலையில் குற்றம் சொல்ல முடியாது. காலையிலிருந்து வீட்டைச் சுற்றித் தவழ்ந்து, விரல் நுழைகிற ஓட்டையில் எல்லாம் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணித்து அடைத்துவிட்டார். அணில் இறங்காதபடி புகைபோக்கிக்குக் கம்பி வலை போட்டாயிற்று. கூரைமேல் சாய்ந்திருந்த கிளையையும் வெட்டியாயிற்று. கையுறையையும் மீறி இரும்பு நார் கிழித்து விரலெல்லாம் ரத்தக் கீறல்.

ஆனாலும் அலமுவுக்கு நிம்மதி இல்லை. போன குளிர்காலத்தில் எலிகள் மெத்தையைக் கிழித்துக் குட்டி போட்டதோடு நிற்காமல், அலமாரியிலிருந்த பிள்ளையார் படத்தையும் கொறித்து வைத்திருந்தன. வாகனத்துக்கு அத்தனை திமிர் ஆகாதுதான்.

"உள்ளே ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிண்டிருந்தா என்ன பண்றது? பிள்ளையார் வாகனம், நாங்க கொல்லப்படாது. எங்காத்துல யாரும் எலிமேல கை வெச்சதில்ல. நீங்க கிறிஸ்டியன்தானே? உங்களுக்குப் பாவமில்ல."

"அப்பிடி எங்கட பாதர் ஒருநாளும் சொல்லேல்லையே அம்மா."

"மீன், ஆடு எல்லாம் சாப்பிடறவாதானே?"

"சாப்பிடுவன். எலி சாப்பிடுறேல்ல."

அலமுவுக்குச் சுருக்கென்றது.

"பாஷாணம் வைக்கத்தான் வேணும் எண்டா நீங்களே வையுங்கோ. இந்தாங்கோ, கையுறை தாறன்."

"நானா! ஏன்னா, கேட்டேளா இவர் பேசறதை?"

புரொபசர் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏற்றிய பெட்டிகளையே இறக்கி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் கேட்டமாதிரித் தெரியவில்லை.

சரி, மனுஷருக்குச் சொல்கிற விதத்தில் சொன்னால் புரியும் என்று அலமு கைப்பையைத் திறந்தாள். அதில் ஒரு கடிதம் இருந்தது. சவிரிமுத்து உழைப்பாளி, நம்பகமானவர் என்று புரொபசர் டைப் அடித்தது. செவ்வாய்க்கிழமை குடிவரவு அலுவலகத்தில் அதைக் காட்டினால் இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க வழி பிறக்கலாம். ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிற மனைவி றோசாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"சொன்ன வேலையைச் செய்யாதவரை நல்லவர்னு எப்படி எழுதிக் கொடுக்கறது?"

சவிரிமுத்து அந்தக் காகிதத்தையே பார்த்தார். பிறகு ஒருமுறை புரொபசரைப் பார்த்தார். புரொபசர் சட்டென்று டிக்கிக்குள் குனிந்துகொண்டார்.

"அம்மா, ஓட்டை அடைக்கக் கூப்பிட்டியள், அடைச்சன். இன்னும் நூறு ஓட்டை காட்டினாலும் அடைப்பன். உங்கட பாவத்தை என்ர தலையில கட்டுறதுக்கு நான் வரேல்ல. கடிதம் தராட்டி விடுங்கோ. றோசாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

தலை குனியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு மண் பாதையில் இறங்கி நடந்தார். மூன்று மைல் தள்ளி, தெப்பனர் என்று இங்கே சொல்கிற பெட்டிக்கடை ஒன்று உண்டு. அதன் வாசலில் மொன்றியல் பஸ் நிற்கும்.

"பார்த்தேளா திமிரை! ஐயோ பாவம்னு இடம் குடுத்தா இப்படித்தான். இனிமே இந்தப் பக்கம் இவரைக் கூப்பிடவே கூப்பிடாதீங்கோ."

டிக்கி மூடுகிற சத்தம் ஏரி வரைக்கும் கேட்டது. புரொபசர் விறுவிறுவென்று வந்து அலமு கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கி, கார் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"சவிரிமுத்து, நில்லுங்கோ! சேர்ந்தே போகலாம்!"

"பாஷாணம்?" என்றாள் அலமு.

"வேணும்னா நீ வை."

"சிவ சிவா! நம்மாத்துல யாராவது எலியைக் கொன்னிருக்கோமா?"

புரொபசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரத்தக்கொதிப்பு ஆராய்ச்சின்னா என்னன்னு நினைச்சிண்டிருக்கே அலமு? வாரத்துக்கு அறுபது எலி, என் கையால கொல்றேன். வெள்ளிக்கிழமை தவறாம அந்தச் செத்த எலிப் பையைத் தூக்கிண்டு போறவர் இந்தச் சவிரிமுத்துதான். நீ இத்தனை பேசியும் அவர் அதை உங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா?"