இரண்டு துவக்குகளும் ஒரு மரையும்

“பேச்சு வேணாம் மாஸ்டர், தூக்கித் தோள்ல வச்சுப் பாருங்க. தூங்குற புள்ள மாதிரி சாஞ்சுக்கிடும்!”

“பிள்ளையோ? முதலாளி, உங்கடை துவக்கு உலக்கை! தம்பி, நீர் என்ரையைப் பாரும். குழலுக்குக் கீழை வாத்துச் செதுக்கியிருக்கு. சிறகுச் சிறகாய்த் தெரியுது. இதிலை சுட்டால் மிருகத்துக்கே மரியாதை!”

மேசையில் இரண்டு இரட்டைக்குழல் துவக்குகள் கிடந்தன. இரண்டும், சுதந்திரம் வந்த கையோடு சீமைக்குக் கப்பலேறிய துரைமார் விற்றுவிட்டுப் போனவை. வாத்துப் போட்டது, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் டாக்டர் சிவசுப்பிரமணியத்தினுடையது. மற்றது சந்திக் கடை அலவி முதலாளியுடையது. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல, பள்ளிக்கூட மாஸ்டர் இளையதம்பியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள்.

டாக்டரின் மகள் செல்வநாயகியை இளையதம்பிக்குப் பெண் கேட்டு ஒரு மாதமாகிறது; டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. அவன் குடியிருப்பதோ முதலாளியின் கடைப் பின்னறையில். இந்தப் பக்கம் சாய்ந்தால் கூரை போகும், அந்தப் பக்கம் சாய்ந்தால் பெண் போவாள்.

“இருமன் தம்பி.”

“பரவாயில்லை ஐயா, நிண்டுகொண்டே பாக்கிறன்.”

டாக்டரின் முகம் மலர்ந்தது. பெரியவர்கள் முன்னால் உட்காராத பிள்ளை! “அந்த மழைக்கோட்டையாவது கழட்டும். வெயில் எறிக்குது.”

“எனக்குக் குளிருது ஐயா.”

வாத்துத் துவக்கை எடுத்துத் தோளில் வைத்தான். உடம்பு அசைந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டான்.

“பாத்தீங்களா டாக்டரய்யா? உங்கட துவக்குப் பாரத்துல மாஸ்டருக்கு வேர்க்குது!”

“சும்மா இரும் முதலாளி. தம்பி, விடியக்காலமை நடந்ததைக் கேளும். காட்டுக்கோழி சுட எண்டு கோழிச் சன்னம், சின்னக் குண்டுகள்தான், போட்டுக்கொண்டு போனம். கோழி அகப்படேல்லை. திரும்பி வந்தால், எங்கடை பின்வேலி ஆளுயர மானாப்புல்லுக்கை ஒரு மரை மான் அசையுது! மகள் பூப்பறிக்கிற செம்பரத்தைக்கு நேரே. நான் வலப்பக்க மேட்டிலை, முதலாளி இடப்பக்கத் தண்ணிப் பீலியடியிலை. ரெண்டு பேரும் ஒண்டாய்ச் சுட்டம்!”

“ஒரு கத்துக் கத்திச்சு பாருங்க மாஸ்டர்! அப்படியொரு மரைக் கத்தல நான் கேட்டதே இல்ல. தேயிலைக்குள்ள பாஞ்சு போயிட்டு. என்ட சூடு பட்டுத்தான்.”

“என்ரை சூடு! தம்பி, அது நாளும் வாற மரை. புல்லு மடிஞ்சு மெத்தை மாதிரிக் கிடக்குது. நாளைக்கும் வரும், பாரும்.”

இளையதம்பி துவக்கை மெல்ல மேசையில் வைத்தான்.

“அழகிலை ரெண்டும் ஒண்டுதான் ஐயா. சூட்டிலைதான் வித்தியாசம். உங்கடை துவக்கு ஒரே இடத்திலை குவிச்சு அடிக்கும். முதலாளியின்ரை பரத்தி அடிக்கும். ஆனால் ஆழம் காணாது.”

“சபாஷ்! எவ்வளவு நுணுக்கம்!” என்றார் டாக்டர். உடனே நெற்றியைச் சுருக்கினார். “நீர் இதுகளை ஒருநாளும் சுட்டதில்லையே. எப்படித் தெரியும்?”

இளையதம்பி கண்களை மூடிக்கொண்டான்.

“பாவம், நின்னு நின்னு தலை சுத்துது,” என்ற அலவி முதலாளி, அன்போடு அவன் தோள்களைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தார்.

இளையதம்பி கத்தினான்.

விடியற்காலையில் அந்த மரை கத்திய அதே கத்தல்.

குசினிக் கதவுக்குப் பின்னால் செல்வநாயகியின் வளையல் சத்தம் கிலுங்கி அடங்கியது. இளையதம்பி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். இருவருக்கும் முதுகைக் காட்டி நின்று, மழைக்கோட்டின் பின்புறத்தை மெல்ல உயர்த்தினான்.

“வலப்பக்கம் உங்கடை, இடப்பக்கம் முதலாளியின்ரை. ஐயா, மாமாவாய்ப் பாக்காமல் டாக்குத்தராய்ப் பாத்து, இந்தச் சன்னங்களை ஒருக்கா எடுத்துவிடுவீங்களோ?”