மலைப்பக்க ஜன்னல்

"கடல் இந்தப் பக்கம்தாம்மா வரும். இங்க வந்து உக்காருங்க, எடம் சும்மாதான கெடக்கு."

நடைவழிக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அம்மாள்தான் கூப்பிட்டாள்.

நோபுயோ சிரித்தபடி தலை குனிந்தாள். "இருக்கட்டுங்க. வெயில் எனக்கு ஆகாது."

வெயிலே இல்லை. மழை விட்டு, வெளியே எல்லாம் பால் கலந்ததுபோல் கிடந்தது. ஊர்களும் மரங்களும் அதற்குள்ளிருந்து மெல்ல வந்து, மெல்லக் கரைந்து போயின.

பக்கத்தில் அவள் கணவர் ஷிகெரு, ரயில் ஒசாகாவில் நிற்கும்போதே தூங்கிவிட்டார்.

இதே தடத்தில் இதே ரயிலை முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிய மனிதர். ஊர் ஊராகப் போய்வந்தும் ஒரு ஊரையும் சுற்றிப் பார்த்ததில்லை. மார்ச்சில் ஓய்வு பெற்றதும் நோபுயோ பிடிவாதமாகக் கிளப்பிக்கொண்டு வந்தாள். கனசாவா ஆயிற்று, கியோட்டோ ஆயிற்று, இனி ஹிரோஷிமா. நடுவில் சொந்த வீட்டையே தாண்டிப் போகவேண்டிய வேடிக்கையான பயணம்.

ரயில் ஓட்டுகிறவர்கள் எதைக் கண்டாலும் விரல் நீட்டி, கண்டதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். சிக்னல் என்றால் "பச்சை!" கதவு என்றால் "சரி!" அப்படிச் சொன்னால்தான் பார்த்ததாக அர்த்தம்.

ஓய்வு பெற்றது ஷிகெரு மட்டும்தான். விரல் இன்னும் வேலையில் இருந்தது. விடுதியில் குழாயை மூடிவிட்டு அதற்கு நீட்டினார். கியோட்டோவில் பொன் தகடு போர்த்திய மண்டபம் குளத்தில் தலைகீழாக மிதந்துகொண்டிருக்க, கூட்டமே பேச்சற்று நின்றபோது அதற்கும் நீட்டினார். "மண்டபம், சரி!" பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நோபுயோ யாரோ போல நான்கடி தள்ளி நின்றுகொண்டாள்.

சுமா ஸ்டேஷன் தாண்டியதும் கடல் வந்தது. ஆரஞ்சு அம்மாளின் ஜன்னல் முழுக்கச் சாம்பல் நிறத் தண்ணீர். ரயில் தரையை விட்டுவிட்டு அதன்மேல் போவதுபோல் இருந்தது.

நோபுயோ திரும்பிப் பார்க்கவில்லை. மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீடு அந்தப் பக்கம்தான்.

கல்யாணமான புதிதில் தண்டவாளத்தை ஒட்டிய அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். அவர் ரயில் கடக்கும் நேரத்துக்கு நோபுயோ பால்கனிக் கம்பத்தில் ஒரு போர்வையைத் தொங்கவிடுவாள். சிவப்பு போட்டால் மனிதர் ரயிலையே நிறுத்திவிடுவார் என்று பயந்து, பச்சையாகப் பார்த்து வாங்கினாள்.

முதல் வாரமே ஆசையாகக் கேட்டாள். "பாத்தீங்களா?"

"ஓட்டும்போது வேடிக்கை பாக்கக் கூடாது."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. போர்வை நிற்கவில்லை. ஒன்று வெளுத்தால் இன்னொன்று வாங்கினாள், அதே பச்சையில்.

கல்மனசுக்காரர் என்றும் சொல்ல முடியாது. காய்ச்சலில் அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்களில், யாரும் சொல்லாமலே பீச் பழ டின்னோடு வந்து நிற்பார். உடம்புக்கு முடியாதவர்களுக்கு அங்கே அதுதான் வாங்கிக் கொடுப்பார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "கடையில மலிவாப் போட்டிருந்தான்" என்பார்.

ஆனால் பார்த்தாரா? ஒரு நாளாவது பார்த்தாரா? இல்லை, இத்தனை வருஷமும் காற்றுக்குத்தான் கொடி காட்டிக்கொண்டிருந்தாளா? கேட்கவும் வாய் வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. வாய் சொல்லாததைக் கண் சொல்லிவிடும் என்றுதான் இன்று மலைப்பக்கமாக உட்கார்ந்தாள். வீடு வரும்போது அவர் கண் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டல்லவா கிடக்கிறார்.

"ஏங்க. நம்ம வீடு வரப்போகுது." முழங்கையால் இடித்தாள். அவர் லேசாக முனகினார். அவ்வளவுதான்.

வீடு வந்தது. அடைத்த ஜன்னல், வெறும் கம்பம். கிளம்புகிற அன்று போர்வையை அவளே மடித்து உள்ளே வைத்திருந்தாள். யாரும் பார்க்காத கம்பத்தைப் பார்க்கவா இந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போது ஷிகெருவின் வலது கை எழுந்தது.

கண் திறக்கவில்லை. விரல் மட்டும் அவள் மூக்கைத் தாண்டி, கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு, நேராக அந்தப் பால்கனியைக் காட்டியது.

"மாடி." வேலை நேரத்துக் குரல், கணீரென்று வந்தது. "பச்சை இல்லை!"

ஆரஞ்சு அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

வீடு போய்விட்டது. கை இறங்கவில்லை. நெற்றி சுருங்கி, மூச்சு வேகமாகியது. தூக்கத்திலேயே மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

நோபுயோவுக்குப் பீச் டின்கள் ஞாபகம் வந்தன. அத்தனை டின்களும். அவள் போர்வை போட எழுந்திருக்காத நாட்கள் அத்தனையும்.

ஜன்னலில் இப்போது எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அந்தரத்தில் நின்ற விரலைப் பிடித்துத் திருப்பித் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"இங்க இருக்கேங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

விரல் அவள் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்தது.

"சரி!" என்றார் ஷிகெரு. கை இறங்கியது.